சொல்லச் சொல்ல எழுதியவள்

"வெறும் தாளைக் கொடுத்துட்டு வந்துடு. உனக்கு ஒண்ணும் ஆகாது. அவ மார்க் பிழைச்சுக்கும்."

படிப்பில் பின்தங்கியோருக்கான கற்றல் உதவி வகுப்பின் ஆசிரியை, வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் இதைக் கூறினார். எதிரே நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி தலையை மட்டும் அசைத்தாள். வருவதும் போவதும் ஒருவருக்கும் தெரியாத காரணத்தால், வகுப்பில் அவளுக்குப் 'பூனை' என்று பெயர்.

நேர்ந்தது இதுதான். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பிறவியிலேயே விரல்களில் வலுவில்லை. நான்கு எழுத்து எழுதுவதற்குள் பேனா நழுவிவிடும். ஆகையால் தேர்வுகளில் அவள் விடைகளைச் சொல்ல, கீழ்வகுப்பு மாணவியான பூனை எழுதுவாள். ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்த அந்தப் பெரியவளைப் பள்ளி முழுவதும் 'ரேடியோ' என்றே அழைத்தது. அரையாண்டு அறிவியல் தேர்வில் ரேடியோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று பெற்று முதலிடம் அடைந்தாள். மறுவாரமே தலைமையாசிரியைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'விடைகள் எல்லாம் எழுதியவளுக்கே தெரியும். சந்தேகம் இருந்தால் அவளுக்குத் தேர்வு வைத்துப் பாருங்கள்.'

தலைமையாசிரியை அவ்வாறே முடிவு செய்தார். அதே பாடங்களில் புதிய வினாத்தாள். எழுதியவள் தேறிவிட்டால், சொன்னவளின் மதிப்பெண் செல்லாது.

"இது வீண் வேலை மேடம்," என்றார் உதவி வகுப்பு ஆசிரியை, தலைமையாசிரியையின் அறைக்குள் பூனையுடன் நுழைந்ததும். "இவளுக்குப் படிப்பு ஏறாதுன்னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன். அடுத்த வருஷம் தையல் பயிற்சிக்குப் போகப்போறவ. இவளா பத்தாவது பாடத்துக்குப் பதில் சொல்லியிருப்பா?"

"இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னுதான் எல்லாரும் நினைப்போம் டீச்சர்," என்று வினாத்தாளை நீட்டினார் அறிவியல் ஆசிரியர். "குடிக்குதா இல்லையான்னு பார்த்துடலாம்."

மேசையின் ஓரத்தில் பூனை அமர்ந்தாள். முதற் பத்து நிமிடம் பேனாவைத் தொடவே இல்லை. உதவி வகுப்பு ஆசிரியையின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. அதன்பின் பேனா நகரத் தொடங்கியது, நகர்ந்தது நிற்கவில்லை. ஆசிரியை இருமினார். மீண்டும் இருமினார். பூனை நிமிரவே இல்லை.

அறிவியல் ஆசிரியர் அங்கேயே அமர்ந்து திருத்தினார். முதற் பக்கத்தை வேகமாகப் புரட்டியவர், இரண்டாம் பக்கத்தில் நிதானித்தார். மூன்றாம் பக்கத்தை இருமுறை படித்தார். பிறகு விடைத்தாளைத் தலைமையாசிரியையின் பக்கம் தள்ளினார்.

"ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு."

"கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுடுச்சே," என்று முணுமுணுத்தார் தலைமையாசிரியை.

"உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?" என்று தம்மையும் மறந்து கேட்டுவிட்டார் உதவி வகுப்பு ஆசிரியை.

"என்ன சொன்னீங்க டீச்சர்?" என்று தலைமையாசிரியை திரும்பினார்.

பூனைதான் பேசினாள். "வெறும் தாளைத்தான் கொடுக்கலாம்னு உட்கார்ந்திருந்தேன் மிஸ். ஆனா ஒவ்வொரு கேள்வியும் தெரிஞ்ச கேள்வியா இருந்துச்சு. இதுவரைக்கும் எனக்கு அப்படி ஆனதே இல்ல. தெரிஞ்சதை எப்படி எழுதாம விடறதுன்னு தெரியல." அவள் தன் விடைத்தாளைப் பார்த்தாள். "அக்காவைக் கெடுத்துட்டேன்."

"உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார் அறிவியல் ஆசிரியர்.

"அக்காதான் சார். பரீட்சைக்குப் பழகணும்னு ஆறு மாசமா அவங்க சொல்லச் சொல்ல எழுதறேன். புரியாம எழுதினா கண்டுபிடிச்சிடுவாங்க. புரியற வரைக்கும் விடவே மாட்டாங்க."

"நல்லா இருக்கு கதை," என்றார் அவர். "யாரு யாருக்குச் சொன்னாங்கன்னு எப்படி நம்பறது?"

ரேடியோவுக்கு ஆள் அனுப்பப்பட்டது. அவள் உள்ளே வந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்பே மேசையிலிருந்த விடைத்தாளைக் கண்டாள்.

"எவ்வளவு சார்?"

"நாற்பத்திரண்டு."

அவள் பூனையை முறைத்தாள். "எட்டு மார்க் எங்கடி போச்சு?"

"முதல்ல உன் தொண்ணூற்றொண்ணு எங்க போகுதுன்னு பாரு," என்றார் தலைமையாசிரியை.

"அது எங்க போகும் மேடம்? என்னைக் கேளுங்க. எந்தப் பாடமா இருந்தாலும் இப்பவே சொல்றேன்."

அறிவியல் ஆசிரியர் கேட்டார். சன்னலைப் பார்த்தவாறே அவள் விடை கூறினாள். இரண்டாவது வினாவுக்கும் கூறினாள். மூன்றாவது வினாவைப் பாடநூலுக்கு வெளியிலிருந்து கேட்டார். அதற்கும் சிறிது யோசித்துக் கூறினாள். அவர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"மார்க் செல்லும் மேடம். சொன்னது இவதான். அவ இவகிட்டதான் கத்துக்கிட்டிருக்கா."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "யாரோ வயித்தெரிச்சல் பிடிச்சவங்க. நல்லாப் படிக்கிற பிள்ளையோட மார்க்கைப் பறிக்கறதுக்குன்னே மொட்டைக் கடிதம் போட்டிருக்காங்க."

"பறிக்கறதுக்கு இல்ல மேடம்," என்றாள் ரேடியோ. "இவளைத் தையலுக்கு அனுப்பாதீங்க, இவளுக்குப் பாடம் வருதுன்னு டீச்சர்கிட்ட மூணு தடவை சொன்னேன். சிரிச்சாங்க. இவளுக்கு ஒரு பரீட்சை வைக்கச் செய்யறதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

அவள் தன் விரல்களை மற்றொரு கையால் மூடிக்கொண்டாள்.

"அந்தக் கடிதத்தை மட்டும் இவகிட்ட சொல்லி எழுத வைக்க முடியாதே மேடம். அந்த ரெண்டு வரி எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு."