தூய நீரில் ஏறிய கோடு

நான் உருவாக்கும் நோயறி கருவிக்குள், தங்கம் பூசிய கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்பும். அக்காவின் ரத்தத்திலிருந்த நோய்ப் புரதம் அதில் துளி ஒட்டினாலும் திரையில் கோடு ஏற வேண்டும். அந்த அளவுக்கு நான் உணர்திறனைக் கூட்டி முடிப்பதற்குள் அக்கா போய்விட்டாள்.

இன்று கண்ணாடி மேல் வெறும் தூய நீரை ஓடவிட்டேன்; கோடு அசையவே கூடாது. கோடு ஏறி நின்றது. புதுக் கண்ணாடி மாற்றினேன். மறுபடியும் ஏறியது.

"மெஷின் உளறுது. உணர்திறனைக் குறைச்சிடும்மா," என்றார் ஆய்வகத் தலைவர்.

"இம்மிகூடக் குறைக்க மாட்டேன் சார்."

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

சலிப்புடன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரத்தம் கொடுக்க வரும்போதெல்லாம் அக்கா உட்காரும் நாற்காலி அது. கோடு சட்டென்று விழுந்தது.

"பாத்தியா, தானா சரியாயிடுச்சு."

"எழுந்திருங்க சார்," என்றேன்.

எழுந்தார். கோடு நிதானமாக ஏறி, பழைய இடத்தில் வந்து அமர்ந்தது.