கட்டாத கால்கள்

ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டி, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது செலஸ்தீனாதான். அந்த முடிச்சோடுதான் பெட்டியை மூடுவார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் மரச் சுரூபத்தையும் அவளிடமே கொடுப்பார்கள். இந்த வருஷமும் பன்னீரால் துடைத்து, வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு எழுந்தாள்.

புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் குனிந்து பார்த்தார். “ஏம்மா, காலைக் கட்டலையே?”

“இவருக்குக் கட்டுறதில்ல சாமி. கடவுள்லா, தானா எந்திரிச்சுப் போவாரு. எந்திரிக்கையில கால் தடுக்கக் கூடாது.”

“மத்தவங்களுக்கு?”

“அது ஊரு வழக்கம். கட்டித்தான் ஆவணும்.”

சுரூபத்தின் பாதங்களை அவள் முந்தானையால் இன்னொரு தடவை ஒற்றி எடுத்தாள். போன ஆடியில் கடல் திருப்பித் தந்த மகனையும் அவள்தான் குளிப்பாட்டினாள்.

“எம் மவன் ரெமிஜியுசுக்கும் கட்டல சாமி.”

“அவனும் தானா எந்திரிச்சிருவானா?” என்று சாமியார் மெதுவாகக் கேட்டார்.

“அவனால எப்படி முடியும்?” என்றாள் செலஸ்தீனா. “இவருதான் கூப்பிடுவாரு. கூப்பிட்ட ஒடனே ஓடி வரணும்லா.”