புலி காட்டிய ஆள்

"பாஸ்வேர்டை மாத்த மாத்த எதிரணி உள்ள வந்துடுது! கூட இருந்தே குழி பறிக்கிறது யாரு?" இணையப் பாதுகாப்புப் போட்டி நடந்த கல்லூரி அறையே அதிரும்படி அணித்தலைவன் கத்தினான்.

எல்லாரும் பட்டப்பெயரிலேயே உலவும் குழு அரட்டையில் 'புலி' எழுதியது: "சர்வரைப் பாத்துக்கிறாளே, அவதான் தலைவா."

தலைவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "வெளிய போடி!"

"பாஸ்வேர்டை அரட்டையில போடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? இனி சர்வரை யாரு பாத்துப்பா?"

"புலி பாத்துக்கும்!" என்று அவளைக் குழுவிலிருந்து நீக்கினான். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த நொடியே சர்வர் படுத்துவிட்டது.

"டேய் புலி, என்னடா கிழிக்கிற?"

மிச்சமிருந்த இருவரும் திருதிருவென விழித்தார்கள்.

"புலி நீ இல்லையா?" என்றான் ஒருவன்.

"நீதான்னுல்ல நான் நெனச்சேன்!" என்றான் மற்றவன்.

திரையில் புலி எழுதியது: "நன்றி தலைவா. எங்களுக்கு இடைஞ்சலா இருந்தது அவ ஒருத்திதான்."