பாய்மரத்தில் ஒரு ஒட்டு

"நல்லாப் பாருங்க தம்பி, இங்கேதான் உடைஞ்சு ஒட்டியிருக்கு!"

ஃபிராணே தன் பழைய படகின் பாய்மரத்தைத் தட்டிக் காட்டினார். தலை உயரத்தில் ஒரு அலுமினியப் பட்டை, சுற்றிலும் ரிவெட் ஆணிகள்.

கரையில் நின்ற அவர் மனைவி ஸ்தென்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவனவன் ஒட்டுக்குப் பெயின்ட் அடித்து மறைத்துப் படகை விற்கிறான். இந்த மனுஷனோ வருகிறவனிடமெல்லாம் கூவிக் கூவிச் சொல்லி விரட்டுகிறார். படகு விற்றால்தான் மழைக்கு முன்னால் ஒழுகுகிற கூரையை மாற்ற முடியும்.

"அவர் கேட்டாரா? நீயா ஏன்யா வாயைத் திறக்கிறே?"

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அதை வச்சுக் கூரை போட முடியுமா?"

ஆனால் படகு வாங்க ஸாக்ரெப் நகரத்திலிருந்து வந்த பெரிஸ்லாவ் ஓடவில்லை. "குறையை மறைக்காத ஆளு நீங்க. எனக்கு இந்தப் படகுதான் வேணும், பெரியவரே."

ஃபிராணேவுக்கு வியர்த்துவிட்டது. "காத்தடிச்சா நடுக்கடல்ல மடங்கிடும் தம்பி!"

"அதையும் பார்த்துடுவோம்."

பெரிஸ்லாவ் கையோடு கூட்டிவந்திருந்த ரோகோ படகில் ஏறினான். பாய்மரம் பழுதுபார்ப்பதுதான் அவன் தொழில். பட்டையை நகத்தால் சுரண்டினான். ஒரு ரிவெட் கழன்று கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. கடைசியில் பட்டையே உரிந்து வந்துவிட்டது. அடியில் பாய்மரம் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது.

ரோகோ விழுந்து விழுந்து சிரித்தான். "அட, ஆணியெல்லாம் வெறும் பசையில ஒட்டினது! உடையாத மரத்துக்கு யாரோ ஒட்டுப் போட்டிருக்காங்க!"

எல்லோரும் ஃபிராணேயைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்தார். காது சிவந்திருந்தது.

ஸ்தென்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, விற்க மனசில்லாமல்தான் இத்தனை நாடகமா? திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்தாள். பொம்மையைப் பிடுங்கப் போகிறார்கள் என்று பயந்த பிள்ளை மாதிரி பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளுக்கு என்னமோ செய்தது. எழுபது வயசில் இந்த மனுஷனுக்கு வேறு என்ன ஆசை இருக்கிறது?

"அப்புறமென்ன, முடிச்சுடலாமாம்மா?" பெரிஸ்லாவ் உற்சாகமாகக் கையை நீட்டினான்.

கூரை இந்த வருஷமும் ஒழுகிவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு, ஸ்தென்கா கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"மரம் நல்லா இருந்து என்ன தம்பி பிரயோஜனம்? படகோட அடியில பெரிய ஓட்டை இருக்கே, அதை இவர் உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?"