அரைக் கிலோ

"ரெண்டு பேர் இருக்கற வீட்ல ஒன்பது கிலோ குப்பையா? காதுல பூ சுத்தறாங்க சார். மூட்டையை அவிழ்க்கச் சொல்லுங்க!"

பல் டாக்டர் குதித்தார். கூட்டம் மொத்தமும் காலனிச் சங்கச் செயலாளரைப் பார்த்தது.

மொத்தமே பதினெட்டு வீடு உள்ள காலனி. வருஷக் கடைசி விடுமுறை வந்தால் மூன்று வாரத்துக்குக் குப்பை வண்டி வராது. போன வருஷம் எல்லாரும் பின்னாடி வாய்க்காலில் கொண்டுபோய்க் கொட்ட, அது அடைத்து, சாக்கடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் இந்த வருஷம் செயலாளர் சட்டம் போட்டார். மக்காத குப்பை, வீட்டுக்கு வாரம் இரண்டு கிலோதான். ஞாயிற்றுக்கிழமை தராசில் நிறுத்து, கரும்பலகையில் எழுதுவார்கள்.

"நம்ம குப்பைக்கு நாமதான் பொறுப்பு. அடுத்தவன் தலையில தள்ளக் கூடாது!" என்று அவர் பேசியபோது என்ன கைதட்டல்!

பலகையில் முதலிடம் மூன்றாம் நம்பர் வீடு. அரைக் கிலோ. செயலாளர் வீடேதான். ஏழு விருந்தாளி வந்து இறங்கியும் அரைக் கிலோ என்றால் சும்மாவா?

கடைசி இடம் மோட்டார் ரூம்.

தண்ணீர் மோட்டாரை ஒட்டி, சங்கத்துக்குச் சொந்தமான ஒற்றை அறை அது. அங்கே ஒரு அம்மாவும் அவள் மகளும் குடியிருந்தார்கள். அம்மா விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போவாள், காலை ஒன்பது மணிக்குத் திரும்புவாள். எங்கே, என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

"போன வாரம் எட்டு, இந்த வாரம் ஒன்பது. ரெண்டு தடவை அளவு தாண்டினா சங்கத்து ரூமைக் காலி பண்ணணும். நீங்க போட்ட சட்டம்தானே சார்?" டாக்டர் விடவில்லை. அவர் வீடும் அளவைத் தாண்டியதுதான். சொந்த வீட்டுக்காரர்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாதே!

"சார், பொண்ணுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல பரீட்சை. இப்ப எங்க சார் போவேன்?" அவள் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "திறக்க வேணாம் சார்."

"ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா எதுக்கும்மா பயம்? அவிழ்த்துடு" என்றார் செயலாளர்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு மூட்டைக்குள் கையை விட்டார். நீலப் பரிசுக் காகிதம் வந்தது. அப்புறம் ஒரு பொம்மை ரயில் டப்பா.

"அடேங்கப்பா! உன் வீட்ல ரயில் ஓட்டறது யாரும்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரயில், அவர் பேரனுக்கு வாங்கியது.

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க... அது நம்ம..."

"உஷ்!"

தினமும் சாப்பாட்டுப் பையோடு இன்னொரு பையும் அவரோடு ஆபீஸ் போய்க்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் இருக்கும் கூடையில் தள்ளிவிட்டால் தீர்ந்தது தொல்லை. மறுநாள் கூடை காலியாக இருக்கும். அது எப்படி இங்கே வந்தது?

டாக்டர் இப்போது ஒரு பார்சல் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். "விலாசத்தைக் கிழிச்சிருக்கு பாருங்க, கள்ளத்தனத்தை! இருங்க, ஓரத்துல கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு..." சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார்.

செயலாளர் ஒரு அடி பின்வாங்கினார். தொலைந்தோம். இத்தனை வருஷ மானமும் மரியாதையும் போச்சு.

டாக்டர் கண்ணாடியை மாட்டுவதற்குள் மோட்டார் ரூம் அம்மா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எல்லாம் என்னோட குப்பைதான் சார். தப்புதான். எழுதிக்குங்க."

அப்புறம் என்ன? நோட்டீஸ் தயார். ஐந்து பேர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போனார்கள். செயலாளர் கையெழுத்து மட்டும் பாக்கி.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் மோட்டார் ரூமுக்குப் போனார். அவள் குப்பையைத் திரும்ப மூட்டைக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா... இது யார் வீட்டுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். உங்க ஆபீஸ்ல நாலாவது மாடி, ஜன்னலோர மேசை. பேரன் போட்டோ இருக்குமே. அந்த மாடியைக் கூட்டித் துடைக்கறது நான்தான்."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அங்கேயே விட்டுட்டு வந்திருக்கலாமே! எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தே?"

"லீவுக்கு அங்கயும் வண்டி வரலை சார். எல்லாத்தையும் ஆபீசுக்குப் பின்னாடி இருக்கற வாய்க்கால்ல தள்ளச் சொல்றாங்க. மத்தவங்க குப்பைக்கு நான் என்ன பண்ண முடியும்? இது நம்ம காலனிக் குப்பையாச்சே. அதான் எடுத்துட்டு வந்தேன்."

"சரி, அத்தனை பேர் முன்னாடி உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல? ரூம் போயிடும்னு தெரிஞ்சும் ஏம்மா உன்னோடதுன்னு சொன்னே?"

அவள் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள். குரலில் துளிகூடக் கேலி இல்லை.

"சொல்லியிருந்தா நாளைக்கே எல்லாரும் பழையபடி வாய்க்கால்ல கொட்ட ஆரம்பிச்சிருப்பாங்க சார். நீங்க அன்னிக்குப் பேசினது எவ்வளவு நல்ல பேச்சு! அது பொய்னு ஆயிடக் கூடாதுல்ல?"