சிவந்த பட்டை

குழந்தைகள் நலச் சங்கத்தார் கட்டிவிட்ட பட்டை பிள்ளையின் கையில் பசியால் சிவந்தால், அந்த வீட்டுக்குச் சோற்று வண்டி தானே வந்துவிடும். தன் வாசலில் அது நிற்கக் கூடாதென்று ஏகாம்பரம் தன் பங்கையும் பேத்தி நிலானிக்கே போட்டுவந்தார். இன்று மதியம் கண்ணயர்ந்தவரை அந்த வண்டிச் சத்தம்தான் எழுப்பியது.

“பட்டை சிவந்திருக்குங்க ஐயா,” என்றாள் சங்கத்துப் பெண் மெர்சி.

“எங்க வீட்டுப் பிள்ளை எதுக்கும்மா பட்டினி கிடக்கப் போறா? இப்பத்தான் நாலு இட்லி தின்னா. வண்டியை எடு, தெருவே பாக்குது.”

“உங்க கையைப் பாருங்க.”

அவர் தூங்கும்போது நிலானி தன் பட்டையைக் கழற்றி அவருக்குக் கட்டியிருந்தாள். அவிழ்க்கப் பார்த்தார், விரல்களில் வலுவில்லை. முதுகு வளையாமல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“பின்பக்கமும் ஒரு வாசல் இருக்கும்மா,” என்றார்.