துண்டுக்குள் கை

வெள்ளைத் துணிக்குள் அவள் கை இருந்தது. இன்னொரு கை அவள் விரல்களைப் பற்றியிருந்தது.

ஏலத்தோட்ட முதலாளிக் கிழவர் தொன் எவாரிஸ்தோ மூன்று விரல்களை அழுத்தினார்.

அவள் முகம் அசையவில்லை. இரண்டை மட்டும் திருப்பி அழுத்தினாள்.

குவாத்தமாலா நகரின் அந்தப் பழைய ஹோட்டல் முற்றத்தில் காலைக் குளிர் இன்னும் விலகவில்லை. நீரூற்றுக்கு அப்பால் மரிம்பா வாசித்தார்கள். மரக்கட்டைகளைத் தட்டி எழுப்புகிற இசை. பெரிய மனிதர்கள் தாழ்ந்த குரலில் பேசியபடி காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

துணி ஹோட்டலுடையது. கஞ்சி போட்ட நாப்கின்.

வழக்கம் மட்டும் போடிநாயக்கனூரிலிருந்து வந்தது.

மாட்டுத் தரகிலிருந்து ஏலக்காய்க்கு மாறிய குடும்பம். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் பழக்கத்தை அவர்கள் விடவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. துண்டு விலகும்வரை மூன்றாமவன் வாய் திறக்கக் கூடாது.

கிழவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவள் கணவனின் அண்ணன், பெரியத்தான். இந்த ஹோட்டலில், இதே மேஜையில். வருடா வருடம் கிழவரின் மலைத்தோட்டத்து ஏலக்காய் மொத்தமும் அவருக்குத்தான்.

அதை அவர் யாரிடம் சொல்லாமல் விட்டார்? கல்யாணப் பந்தி, காதுகுத்து, துக்க வீடு, எங்கே போனாலும் இதே பெருமைதான். எந்த ஹோட்டல், எந்த அறை, அறுவடை முடிந்து எந்த ஞாயிற்றுக்கிழமை கிழவர் மலையிறங்கி வருவார், எல்லாம் சொல்வார்.

நுணலும் தன் வாயால் கெடும்.

பந்தியில் பரிமாறிக்கொண்டே அவள் அத்தனையும் கேட்டு வைத்திருந்தாள்.

கணவனின் கருமாதி முடிந்த அன்று, கடையில் தானும் உட்காருவதாகச் சொன்னாள். பாதிக் கடை அவள் கணவனுடையது. உறவுக்காரர்கள் முன்னால் பெரியத்தான் சிரித்தார்.

"பொம்பள துண்டுக்குள்ள கைய விட்டு ஊரான் வெரலப் பிடிப்பாளாக்கும்? போயி அடுப்பப் பாரு தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய பிள்ளைகள் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

பிறந்த வீட்டில் கொடுத்த மாந்தோப்பு போனது. தனிக் கடை வந்தது. இப்போது இந்த ஹோட்டல்.

அவர் வழக்கமாகத் தங்கும் அறையையே கேட்டு வாங்கியிருந்தாள். உயரமான கட்டில், குளிருக்குக் கணப்பு, முற்றத்தைப் பார்த்த ஜன்னல். அவர் அளந்ததில் பொய்யில்லை. அந்தக் கட்டிலில் அவளுக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது.

கிழவர் பெருமூச்சு விட்டார். அவர் விரல்களும் இரண்டில் வந்து நின்றன.

படிந்துவிட்டது.

அப்போதுதான் முற்றத்து வாசல் வளைவுக்குக் கீழே பெரியத்தான் தெரிந்தார். விமானத்தில் கசங்கிய சட்டை. கையில் பெட்டி. உங்கள் குடும்பத்துப் பெண்மணி அந்த அறையில் இருக்கிறார் என்று வரவேற்பில் சொல்லியிருப்பார்கள்.

மேஜைக்கு அருகில் வந்து துணியைப் பார்த்தார். துணிக்குள் போன கைகளைப் பார்த்தார்.

வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டது. வழக்கம் அவருடையதாயிற்றே.

அவரைக் கண்டால் எழுந்து நிற்பது அவள் உடம்பில் ஊறிய பழக்கம். இன்றும் முழங்கால் தானாக நிமிரப் பார்த்தது. அதை அதட்டி உட்கார வைத்தாள்.

பேச்சு முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

நிற்கட்டும்.

ஏலக்காய் வாங்க வந்து, அடுத்த மேஜையில் பப்பாளி தின்றுகொண்டிருந்த போடி வியாபாரிகள் தின்பதை நிறுத்தினார்கள்.

மரிம்பாவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிய பிறகே அவள் துணியை விலக்கினாள். கிழவர் எழுந்தார். அவளுக்குத் தலை தாழ்த்தினார். பெரியத்தானின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஒரே கடைக்குத்தான் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

பெரியத்தான் முகத்தில் ஈயாடவில்லை. துபாய்க்காரனுக்கு வாக்குக் கொடுத்து, கப்பலும் பேசி வைத்திருந்தார். மற்றத் தோட்டங்களின் காயெல்லாம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. சரக்கில்லாமல் ஊர் திரும்பினால் கடைக்குப் பூட்டுத்தான்.

"பூரணி..." குரல் இறங்கியிருந்தது. "பாதியாச்சும் எனக்கு விடும்மா. குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல?"

குடும்பமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் நாப்கினை ஒருமுறை உதறினாள். வலது கையின்மேல் அதை விரித்து, மேஜைமேல் அவர் பக்கமாக நீட்டினாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். போடிக்காரர்கள் நாற்காலியையே இந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

தம்பி பெண்டாட்டியின் கை.

பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். துணிக்குள் கையை விட்டார்.

வியர்த்த விரல்கள் அவள் விரல்களைத் தேடின. விலை கேட்க ஒரு விரலாவது அகப்பட வேண்டுமே.

அகப்பட்டது இறுக மூடிய கை.

மூடிய கை என்றால் விற்பதற்கில்லை. எந்தச் சந்தையிலும் அதற்குமேல் பேச்சில்லை. அவருக்குத் தெரியாததல்ல.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்தால், வெறுங்கையோடு எழுந்தார் என்ற செய்தி இன்றைக்கே போடிக்குப் போய்விடும். எடுக்காவிட்டால், யார் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது போகும்.

அவர் எடுக்கவில்லை.

அவள் இடது கையால் காபியை எடுத்து நிதானமாகக் குடித்தாள்.